செவலைக்கு மட்டும் திராட்சை கிடையாது

ஒயினரிக்குப் போகிற அன்று எங்கள் வீட்டில் முதலில் காரில் ஏறுவது ஒரு பழைய போர்வை. கிரேஹவுண்ட் வளர்ப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உடம்பில் கொழுப்பே கிடையாது, எலும்பின் மேல் தோல் போர்த்திய மாதிரி இருக்கும். வெறும் கல்தரையில் படுக்காது. மற்ற நாய்கள் மாதிரி குந்தி உட்காரவும் பெரும்பாலும் பிடிக்காது. ஒன்று நிற்கும், இல்லையென்றால் நெடுஞ்சாண்கிடையாகப் படுக்கும். போர்வையை மறந்தால் இரண்டு மணி நேரமும் மேசை ஓரத்தில் நின்றுகொண்டு, எப்போது கிளம்புவாய் என்று என் முகத்தையே பார்க்கும். அந்தப் பார்வைக்கு எதிரில் நல்ல பினோ நுவார் ஒயின் கூடத் தொண்டையில் இறங்காது.

எங்களுடையது செவலை நிறம். அதனால் பெயரும் செவலை. பந்தயத்தில் ஓடிய காலத்தில் வேறு பெயர். காதுக்குள் பச்சை குத்தியிருப்பார்கள், இப்போதும் வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து தெரியும். பந்தயத்தில் பெரிதாக எதுவும் ஜெயிக்கவில்லை. நாலு வயதில் ஓய்வு கொடுத்துத் தத்துக்கு விட்டார்கள், நாங்கள் கூட்டி வந்தோம். ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரி வரைக்கும் வீட்டில் வளர்க்கும் கிரேஹவுண்டுக்கும் வெளியே போனால் வாய்க்கூடு போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. இப்போது வாய்க்கூடு வேண்டாம், வார் மட்டும் கட்டாயம். வாய்க்கூடு போயிருக்கக் கூடாதோ என்று நான் நினைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

போன மார்ச்சில் அப்பா மெல்போர்ன் வந்திருந்தார். கம்பத்துக்காரர். நாற்பது வருடமாகப் பன்னீர் திராட்சை போடுகிறவர். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "இத்தன வருசமா நமக்குத் தெரியாததா இவிய்ங்களுக்குத் தெரிஞ்சிருச்சு" என்று போனில் சிரித்தார். ஆனால் செய்தி வந்த பேப்பரை மடித்து பீரோவில் வைத்திருக்கிறார், அம்மா சொன்னாள்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து செவலையைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சிப்பிப்பாறை மாதிரியே இருக்கேப்பா. வேட்டைக்குப் போகுமா?"

"சோபாவுக்குத்தான் போகும்ப்பா."

மூன்றே நாளில் அவரும் அதுவும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். நாங்கள் வேலைக்குப் போனபின் வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். கடை, கடற்கரை, கோயில் எல்லாம் பத்து நாளில் சலித்துப்போய், "இங்கிட்டுத் திராட்சை போடுறாய்ங்களாம்ல" என்று அவரே ஆரம்பித்தார். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் யாரா பள்ளத்தாக்கு இருக்கிறது. கூட்டிப் போகாமல் இருக்க முடியுமா?

நாயோடு போவதென்றால் முதலில் போன் செய்து கேட்டுவிடுவது எங்கள் வழக்கம். இணையதளத்தில் 'நாய்களுக்கு வரவேற்பு' என்று போட்டிருப்பார்கள், போனால் கார் நிறுத்துமிடத்துப் புல்தரை வரைக்கும்தான் வரவேற்பு என்று தெரியும். உள்ளே விட மாட்டார்கள், அது நியாயம்தான். பார்வையற்றோருக்கு உதவும் நாய் மாதிரி பயிற்சி பெற்றவை மட்டும் உள்ளே வரலாம். மற்றதெல்லாம் வெளியே போட்ட மேசையோடு சரி, அதுவும் கடைக்காரர் சம்மதித்தால். என் அனுபவத்தில் கல்யாணம், பாட்டுக் கச்சேரி நடத்துகிற பெரிய இடங்கள் நாய்க்கு ஆகாது. போனை எடுக்கிறவரே, "எங்க நாயும் வெளியதான் படுத்திருக்கும், உங்களுது அதோட ஒத்துப்போகுமா?" என்று திருப்பிக் கேட்டால் அந்த இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இந்தத் தடவை கிடைத்தது அப்படி ஒரு சின்ன இடம். பெயர் வேண்டாம்.

மனைவிதான் ஓட்டினாள். இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொட்டாலே மாட்டினோம். சுவைபார்க்க ஊற்றுவது சொட்டுச் சொட்டாகத்தானே என்று நாலைந்து வகை குடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். எங்கள் வீட்டில் முறை வைத்து ஓட்டுவோம். அன்று அவள் முறை. பின் இருக்கை முழுக்கச் செவலை, ஓரத்தில் ஒடுங்கி அப்பா, அவர் மடியில் அதன் தலை.

மருண்டா நெடுஞ்சாலையில் லில்லிடேல் தாண்டி கோல்ட்ஸ்ட்ரீம் வந்ததும் இரண்டு பக்கமும் தோட்டம் ஆரம்பிக்கும். அந்தக் காலத்து ஓபரா பாடகி நெல்லி மெல்பாவின் வீடு இங்கேதான் இருக்கிறது, மெல்போர்ன் ஊர்ப் பெயரிலிருந்துதான் அவர் 'மெல்பா' என்று பெயர் வைத்துக்கொண்டார் என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா காதில் வாங்கவில்லை. ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார். செவலையும் அப்படியே.

"பந்தல் எங்கப்பா?"

பந்தல் கிடையாது. கம்பத்தில் கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியைப் படரவிட்டு, குலை தலைக்கு மேலே தொங்கும். பந்தலுக்குக் கீழே நுழைந்தால் மதிய வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும், தோட்டத்து நாய் அங்கேதான் குழி பறித்துப் படுக்கும். இங்கே வேலி கட்டிய மாதிரி வரிசை வரிசையாக இடுப்பு உயரத்தில் குலை, அதற்கு மேலே நிமிர்ந்து நிற்கிற தழை. வருடத்துக்கு ஒரே அறுப்பு. பறவைக்காக வரிசை முழுக்க வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். எங்கள் ஊரில் கிளி விரட்டத் தகரம் தட்டுவோம். இங்கே சில தோட்டங்களில் கேஸ் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். தானாக நேரத்துக்கு ஒரு வேட்டு வெடிக்கும். தூரத்தில் எங்கேயோ ஒன்று வெடித்தது, செவலை துள்ளி அப்பா மடியில் பாதி ஏறிவிட்டது. முப்பது கிலோ.

போய் இறங்கினோம். தோட்டத்து முகப்பில் ஒரு பலகை: கொடி வரிசைக்குள் நடக்க வேண்டாம். அப்பாவுக்கு அது புரியவில்லை, புரிந்ததும் பிடிக்கவில்லை. திராட்சைத் தோட்டத்துக்கு வந்துவிட்டுக் கொடியைத் தொடாமல் போவதா?

காரணம் ஃபிலாக்ஸெரா. அசுவினி மாதிரி ஒரு பொடிப் பூச்சி, வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக் கொடியைச் சாகடிக்கும். விக்டோரியாவில் 1877இலேயே ஜீலாங் பக்கம் வந்துவிட்டது. யாரா பள்ளத்தாக்கில் கண்டுபிடித்தது 2006இல். மருந்தடித்துத் தீர்க்க முடியாது. பிடுங்கிப் போட்டுவிட்டு, அமெரிக்க வேர்க்குச்சியில் ஒட்டுக்கட்டிய கொடியை நடுவதுதான் வழி. பூச்சி மண்ணோடு பரவும். செருப்பில் ஒட்டும், டயரில் ஒட்டும், நாய்க்காலிலும் ஒட்டும். அதனால் செவலைக்கும் அதே சட்டம், அப்பாவுக்கும் அதே சட்டம். பலகைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரே மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்த வீட்டு நாய் ஒரு கிழ லாப்ரடார். வந்து செவலையை முன்னும் பின்னும் மோந்துவிட்டு, இது நம் தகுதிக்கு ஆளில்லை என்று முடிவு செய்து போய்ப் படுத்துக்கொண்டது. ஒயினரி அம்மாள் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் திராட்சைக் கறை. அறுப்புக் காலத்தில் இங்கே எல்லார் கையிலும் அதுதான் மருதாணி. செவலையின் வாரை என் நாற்காலிக் காலில் கட்டப் போனேன், "அதுல கட்டாதீங்க" என்றார் உடனே. எனக்கும் தெரியும், பழக்க தோஷம். போன வருடம் வேறொரு இடத்தில் இரும்பு நாற்காலியில் கட்டிவிட்டு உள்ளே போனேன். முயல் ஒன்று ஓட, செவலை ஓட, நாற்காலி கடகடவென்று பின்னால் ஓட, அந்தச் சத்தத்துக்குப் பயந்து அது இன்னும் வேகமாக ஓட, கடைசியில் கார் நிறுத்துமிடத்து வேலியில் போய் நின்றது. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய பிராணி. கட்டினால் இடுப்பில் கட்டு, இல்லையென்றால் கையில் பிடி.

அப்பா நாற்பது வருடத் திராட்சை விவசாயி என்று சொன்னேன். அந்த அம்மாள் என்னை அதோடு விட்டுவிட்டார். மீதிப் பேச்செல்லாம் அப்பாவோடுதான், நான் வெறும் மொழிபெயர்ப்பு. கவாத்து எப்போது, தண்ணீர் எப்படி, டன் என்ன விலை, கூலி என்ன. சில கேள்விகளுக்கு மொழியே தேவைப்படவில்லை. அப்பா இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வைத்துக் காட்டினார், அந்த அம்மாள் இரண்டு கணு விட்டு வெட்டுவோம் என்று விரல் விட்டுக் காட்டினார். வரிசைக்குள் போகக் கூடாது, ஆனால் பழத்தை வெளியே கொண்டுவரலாமே என்று காபர்நே குலை ஒன்றை வெட்டி எடுத்து வந்து கொடுத்தார். சுண்டைக்காய் அளவு பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை. அப்பா இரண்டு வாயில் போட்டார்.

"இது பழமாப்பா? கொட்டைக்குச் சட்ட போட்ட மாதிரி இருக்கு."

மொழிபெயர்க்க யோசித்தேன், அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். சிரித்தார். தோலும் கொட்டையும்தான் ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தருவது, சாப்பிடுகிற பழத்துக்கு வேறு ஜாதி என்றார். வேர்க்குச்சிப் பேச்சு வந்தபோது, "நம்ம நாட்டுல டாக்ரிட்ஜ்னு ஒண்ணு நடுறாய்ங்க, மகாராஷ்டிராப் பக்கம் நெறைய" என்றார் அப்பா. பெயரில் இருந்த நாய் அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. செவலையைத் தட்டிக்கொடுத்து, உன் பெயரில் கொடியே இருக்கிறதாம் என்றார்.

எனக்கு ஐந்து சின்னக் கிளாஸ் வைத்த பலகை வந்தது. நாயோடு போவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். உள்ளே கவுண்டரில் நின்றால் அடுத்தவர் தோளில் இடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கூச்சத்துக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். வெளியே உட்கார்ந்தால் ஒயின் நம்மைத் தேடி வரும். நாயும் நம்மைச் சீக்கிரம் எழுந்திருக்க விடாது, படுத்துவிட்டால் அது எழுந்திருக்கும்போதுதான் நாம் எழுந்திருக்க முடியும். பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். பிடிக்காததைத் துப்ப, மிச்சத்தை ஊற்ற. வாசலோரம் நின்ற ஒருவர் வாய் நிறைய எடுத்துக் கொப்பளித்துத் துப்புவதைப் பார்த்த அப்பா, "வெளையவச்சவன் பார்த்தா வயிறு எரியும்" என்றார். அவர் குடிப்பதில்லை. ஆனாலும் துப்புவது அவருக்குத் தாங்கவில்லை.

ஷார்டனே ஒன்றின் பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மினுங்கியது. கண்ணாடி இல்லை, உப்பு. திராட்சையில் இருக்கிற டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து, குளிர்ந்தால் படிகமாக இறங்கிவிடும். இங்கே அதை ஒயின் வைரம் என்று செல்லமாகச் சொல்கிறார்கள். தொட்டிச் சுவரில் இது ஏடு ஏடாகப் படியுமாம், சுரண்டி எடுப்பார்களாம். சமையல்காரர்கள் கேக்குக்குப் போடுகிற கிரீம் ஆஃப் டார்டர் இதைச் சுத்தம் செய்து எடுப்பதுதான். அப்பா பாட்டில் அடியில் நின்றதைக் கிளாஸில் கவிழ்த்து, விரலில் எடுத்து நாக்கில் வைத்தார்.

"புளிப்பா?" என்றாள் என் மனைவி.

"நம்ம புளி மாதிரியே இருக்கும்மா."

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் சீஸ் தட்டு வைத்திருந்தார்கள். நாலு பேர், யாரும் தட்டைப் பார்க்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிரேஹவுண்டின் கழுத்து உயரமும் மேசை உயரமும் ஒன்று. தாவ வேண்டாம், எம்ப வேண்டாம், வார் கூட இழுபடவில்லை. எழுந்து நின்று தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். நான் திரும்பியபோது வாயோரத்தில் ஒரு காய்ந்த காம்பு தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே சீஸ் தட்டில் உலர்ந்த மஸ்கடெல் திராட்சையைக் காம்போடு கொத்தாக வைப்பது வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கொத்தைத்தான் காம்போடு விழுங்கியிருந்தது.

நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்கு கிடையாது. ஒரு நாய் கிண்ணம் நிறையத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று நாலைந்து தின்றே படுத்துவிடும். அதனால் 'கொஞ்சம்தானே' என்று உட்காரக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கவைக்க வேண்டும், அதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும். வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றுகிற வேலையெல்லாம் வேண்டாம், அது தனி விஷம்.

மனைவி அதற்குள் காரைக் கிளப்பிவிட்டாள். அன்று அவள் முறையாக இருந்தது எங்கள் நல்ல நேரம், நான் ஓட்டுகிற நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற அவசர மருத்துவமனைக்கு முப்பத்தைந்து நிமிடம். அப்பா பின் இருக்கையில் செவலையின் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அதுவோ நல்ல சாப்பாடு சாப்பிட்ட திருப்தியில் தூங்கிவிட்டது.

ஊசி போட்ட சில நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது. டாக்டரம்மா கையுறையோடு கிளறி எண்ணிக் காட்டினார்: பதினொரு பழம், காம்பு, ஒரு துண்டு சீஸ், அதோடு கொஞ்சம் சோறு. பிறகு நரம்பில் திரவம் ஏற்றி, ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் அதிகம் என்று வந்தது, எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. கிரேஹவுண்டுக்கு இயல்பிலேயே மற்ற நாய்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்து ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம் என்றார்.

ஏன் திராட்சை மட்டும் இப்படி என்று கேட்டேன். நெடுங்காலம் யாருக்கும் பிடிபடவில்லையாம். அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்கிற விலங்கு நல அமைப்பு நடத்துகிற விலங்கு நச்சு உதவி மையத்து மருத்துவர்கள் 2021இல் ஒரு துப்பைச் சொன்னார்கள். குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவு உருண்டையைத் தின்ற நாய் ஒன்றுக்கு, திராட்சை தின்ற நாய்க்கு வருகிற அதே சிறுநீரகக் கோளாறு. அந்த மாவில் இருந்தது கிரீம் ஆஃப் டார்டர். அதாவது டார்டாரிக் அமில உப்பு, பாட்டில் அடியில் நாங்கள் நக்கிப் பார்த்த அதே வைரம். பழத்துக்குப் பழம், ஜாதிக்கு ஜாதி, பக்குவத்துக்குப் பக்குவம் அந்த அமிலத்தின் அளவு மாறுவதால்தான் ஒரு நாய் தப்புகிறது, ஒன்று மாட்டுகிறது என்று இப்போது நினைக்கிறார்கள். இதே அமிலம் நிறைய இருக்கிற இன்னொரு பொருளும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். இந்திய வீடுகளில் இருக்குமே என்றார்.

புளி.

அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி... நான் தெனமும் காலைல ரசஞ்சோறு பெசஞ்சு வச்சேன்ப்பா."

பத்து நாளாக. நாங்கள் வேலைக்குப் போனபின். வாந்தியில் வந்த சோறு எங்கிருந்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் தோட்டத்து நாய் மிஞ்சிய ரசஞ்சோறு தின்றுதான் பன்னிரண்டு வருடம் இருந்தது, அவருக்கு அதில் தப்பு தெரிய வழியே இல்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன், என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டார். புளி, மிளகு, சீரகம், பூண்டு என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பூண்டும் கூடாது, வெங்காயமும் கூடாது, அது ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். தண்ணியாக வைத்த ரசம் என்பதால் தப்பித்தது, இனிமேல் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அப்பாவைப் பார்த்து அவரே இரண்டு கையையும் குறுக்காக வைத்துக் காட்டினார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பில் நான் அந்த வருடம் முழுக்கக் குடித்த ஒயினைவிட அதிகம். விட்டுவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏறவில்லை. ஒயினரி அம்மாள் போன் செய்து விசாரித்தார், அவருடைய தட்டு கூட இல்லை, அந்த மேசைக்காரர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஆனாலும் மேசைகளில் நாய்க்குத் திராட்சை ஆகாது என்று ஓர் அட்டை வைக்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் அதற்கப்புறமும் போகிறோம். உட்காரும் முன் பக்கத்து மேசைகளில் என்ன இருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்துவிடுகிறேன். அறுப்புக் காலத்தில் பிழிந்த சக்கையைக் குவித்து வைத்திருக்கிற பக்கமே கூட்டிப் போவதில்லை, நாய்களுக்கு அந்தப் புளித்த வாசனை ரொம்பப் பிடிக்கும்.

புதன்கிழமை காலையில் கிளம்பும் அவசரத்தில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அப்பா இரண்டு தட்டு வைத்திருந்தார். ஒன்றில் அவருக்கு ரசஞ்சோறு. இன்னொன்றில் உப்புப் போடாத தயிர்ச்சோறு, அதை நன்றாக மசித்து, ஆறவைத்து, கீழே வைத்தார். செவலை மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி மேசை மேல் இருந்த தட்டையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

"என் மூஞ்சியப் பார்க்காத ஆத்தா," என்றார். "போய் டாக்டரம்மாவக் கேளு."